டேப்பிலிருந்து ஃபைலுக்கு: தொலைக்காட்சித் தயாரிப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேனல்களிலும் தொடர் தயாரிக்கும் நிறுவனங்களிலும் எடிட்டர்கள், புரொடக்‌ஷன் மேனேஜர்கள், டேப் லைப்ரரியைப் பார்த்துக்கொள்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களின் தொகுப்பு இது. கணக்குகள் எல்லாம் இந்தியாவில் புழங்கும் 1080ஐ (1080i: 1080 வரிகள், ஒவ்வொரு ஃப்ரேமும் ஒற்றை வரி, இரட்டை வரி என இரண்டு ஃபீல்டாக வரும் இன்டர்லேஸ் முறை), நொடிக்கு 25 ஃப்ரேம் முறைக்குப் போட்டவை. முன்பே சொன்னதை மறுபடி சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறித்திருக்கிறோம்.

1. எங்க கேமராவே கார்டுலதான் பதியுது. அப்புறம் என்ன புதுசா ‘ஃபைல் முறை’?

கார்டில் பதிவதால் மட்டும் ஃபைல் முறை வந்துவிடாது. கார்டை எடிட்டர் வாங்கித் தன் டிஸ்கில் இறக்குகிறார், முடித்ததைப் பென் டிரைவில் டப்பிங்குக்கு அனுப்புகிறார், அங்கிருந்து இன்னொரு டிஸ்க் மிக்ஸிங்குக்குப் போகிறது. டேப்பைத் தூக்கிக்கொண்டு நடந்த காலத்தில் நடந்ததும் இதுதான். அப்போது மாஸ்டர் டேப் ஒன்றே ஒன்று. இப்போது ஐந்து பிரதிகள் இருக்கின்றன, எது கடைசியானது என்று அடித்துச் சொல்ல ஆள் இல்லை.

ஃபைல் முறையில் காட்சிகள் ஒரே ஒரு முறை உள்ளே வரும். வரும்போதே சரிபார்த்து, எண் கொடுத்து, பொது ஸ்டோரேஜில் வைத்துவிட வேண்டும். எடிட், டப்பிங், சப்டைட்டில், க்யூசி (தரச் சோதனை), ப்ளேஅவுட் (ஒளிபரப்பில் ஓட்டுவது) எல்லாம் அந்த மூலத்தை வைத்தே நடக்கும். உங்கள் இடத்தில் இது வந்துவிட்டதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. நாளை போகிற எபிசோட் இந்த நிமிடம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதை யாருக்கும் போன் போடாமல் சொல்ல முடிகிறதா?

2. டேப் நல்லாத்தானே இருந்துச்சு? ஏன் எல்லாரும் விட்டுட்டாங்க?

டேப்பில் நல்லது நிறையவே இருந்தது. பெட்டி மேல் லேபிள், உள்ளே க்யூ ஷீட், தவறி மேலே பதிந்துவிடாமல் இருக்க ஒரு சிவப்புத் தாழ். ஆனால் ஒரு மணி நேர டேப்பைக் கணினியில் ஏற்ற ஒரு மணி நேரம் ஆகும். அது ஒருவர் கையில் இருக்கும்போது இன்னொருவர் தொட முடியாது.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கமும் சுனாமியும் மாற்றத்தைத் துரிதப்படுத்தின. தகாஜோவில் இருந்த சோனியின் டேப் தொழிற்சாலை பாதிக்கப்பட்டு, எச்.டி. மாஸ்டர் பதியும் எச்.டி.கேம் எஸ்.ஆர். டேப்புக்கு உலகெங்கும் தட்டுப்பாடு வந்தது. பிரிட்டனில் பி.பி.சி., ஐ.டி.வி., சேனல் 4 உள்ளிட்ட ஒளிபரப்பாளர்கள் ஏ.எஸ்-11 என்ற பொது ஃபைல் வரையறையில் உடன்பட்டு, 2014 அக்டோபர் 1 முதல் நிகழ்ச்சிகளை ஃபைலாக வாங்குவதையே வழக்கமாக்கினார்கள். 2016 மார்ச்சோடு சோனி அரை அங்குல வீடியோ டேப் ரெக்கார்டர் (வி.டி.ஆர்.) விற்பனையை முடித்துக்கொண்டது.

பிரிட்டனில் கவனிக்க வேண்டியது அந்த உடன்பாடு. ஒரே வரையறை என்பதால் தயாரிப்பாளர் யாருக்கு விற்றாலும் ஒரே விதமான மாஸ்டர் போதும். நம் ஊரில் சேனலுக்குச் சேனல் டெலிவரி வரையறை (கொடுக்கும் ஃபைல் எப்படி இருக்க வேண்டும் என்ற விதிகள்) மாறும். ஷூட்டிங் தொடங்கும் முன்பே அதை எழுத்தில் வாங்கிவிடுங்கள். எடிட் முடிந்தபின் கேட்டால் பாதி வேலையைத் திரும்பச் செய்ய வேண்டி வரும்.

3. ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு ஜிபி பிடிக்கும்? எப்படிக் கணக்குப் போடறது?

நொடிக்கு எத்தனை மெகாபிட் என்பதை 0.45 ஆல் பெருக்குங்கள். வருவது ஒரு மணி நேரத்துக்கான ஜிபி. எக்ஸ்.டி.கேம் எச்.டி.422 என்ற பதிவு முறை நொடிக்கு 50 மெகாபிட், ஆக 22.5 ஜிபி. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் ஒலி ட்ராக் ஒவ்வொன்றுக்கும் 1.152 மெகாபிட். எட்டு ட்ராக் சேர்த்தால் மொத்தம் 27 ஜிபிக்குச் சற்றுக் குறைவு. எடிட்டில் புழங்கும் புரோரெஸ் 422 முறை சுமார் 55 ஜிபி, புரோரெஸ் 422 எச்.க்யூ. சுமார் 83 ஜிபி.

ஒரு தினத்தொடரை எடுத்துக்கொள்வோம். இரண்டு கேமரா, ஒவ்வொன்றிலும் நாளுக்கு 3 மணி நேரப் பதிவு, மாதம் 26 நாள் என்றால் 156 மணி நேரம். 27 ஜிபி வீதம் 4.2 டிபி. இரண்டு மாதக் காட்சிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க 8.4 டிபி. ஸ்டோரேஜ் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பினால் வேகம் குறையத் தொடங்கும் என்பதால் 10.5 டிபி என்று வையுங்கள். ரெண்டர், இசை, கிராபிக்ஸ் இதற்கு மேல். வாங்குகிற கொள்ளளவு முழுதும் கையில் கிடைக்காது என்பதும் நினைவிருக்கட்டும். 4 டிபி டிஸ்க் எட்டை ரெய்டு 6 (இரண்டு டிஸ்க் பழுதானாலும் தகவல் தப்பும்படி சேர்க்கும் முறை) ஆகப் போட்டால் இரண்டு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போய் 24 டிபிதான் மிஞ்சும்.

4. என்னென்ன வாங்கணும்? முதல்ல எதுல பணம் போடறது?

நான்கு எடிட் அறை உள்ள இடத்துக்கு: கார்டு இறக்க மட்டுமே ஒரு கணினி, ரெய்டு 6 பொது ஸ்டோரேஜ், 10 ஜிகாபிட் ஸ்விட்ச், ஒரு எல்.டி.ஓ. டிரைவ் (நீண்டகாலச் சேமிப்புக்கான டேப் கேசட்டில் ஃபைலை எழுதுவது), இவை அனைத்துக்கும் யு.பி.எஸ்.

நெட்வொர்க்கில் பலரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். 1 ஜிகாபிட் கேபிளில் நடைமுறையில் நொடிக்கு 110 மெகாபைட் அளவுக்குத்தான் வரும். புரோரெஸ் எச்.க்யூ. ஒரு ஓட்டத்துக்கு 23 மெகாபைட். நான்கு கேமரா மல்டிகேம் ஓட்டினால் 92. அதோடு யாராவது ஒரு ரெண்டர் போட்டாலே டைம்லைன் திக்கும். அப்போது சாஃப்ட்வேரைக் குறை சொல்லி மறுபடி மறுபடி நிறுவுவார்கள். முதலில் கேபிளைப் பாருங்கள்.

பணம் குறைவு என்றால் இரண்டாம் பிரதிக்கான இடம், நெட்வொர்க், எல்.டி.ஓ., கடைசியாக மீடியா மேனேஜ்மெண்ட் சாஃப்ட்வேர் என்ற வரிசையில் போங்கள். தொடக்கத்தில் எண்ணும் இடமும் நிலையும் எழுதிய ஒரு ஒழுங்கான எக்ஸெல் ஷீட்டே அந்த வேலையைச் செய்யும். ஷீட்டை ஒழுங்காக எழுதாத இடத்தில் விலை உயர்ந்த சாஃப்ட்வேரும் காலியாகத்தான் கிடக்கும்.

5. சேனல் எம்.எக்ஸ்.எஃப். கேட்டாங்க, எம்.எக்ஸ்.எஃப்.தான் கொடுத்தோம். ஏன் ரிஜெக்ட்?

எம்.எக்ஸ்.எஃப். என்ற ஃபைல் வகை டிபன் கேரியர் மாதிரி. உள்ளே சாம்பார் சாதமா தயிர் சாதமா என்பது கோடெக், அதாவது படத்தைச் சுருக்கிய முறை. ஒரே எம்.எக்ஸ்.எஃப். பெயரில் எக்ஸ்.டி.கேமும் இருக்கலாம், ஏ.வி.சி.-இன்ட்ராவும் இருக்கலாம், டி.என்.எக்ஸ்.எச்.டி.யும் இருக்கலாம். அடுக்குகிற விதமும் இரண்டு. ஓ.பி.1ஏ என்றால் படமும் ஒலியும் ஒரே ஃபைலில். ஓ.பி.-ஆட்டம் என்றால் படம் தனி ஃபைல், ஒவ்வொரு ஒலி ட்ராக்கும் தனி ஃபைல்.

ஆகவே வரையறையில் கோடெக், பிட்ரேட், அடுக்கு வகை, ஒலி ட்ராக் எண்ணிக்கை, ஒவ்வொரு ட்ராக்கிலும் என்ன, தொடக்க டைம்கோடு (ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் உள்ள நேர எண்) ஆகிய ஆறும் இருக்கிறதா பாருங்கள். எதாவது விட்டுப்போயிருந்தால் கேளுங்கள். ஒரு நிமிட மாதிரி ஃபைலை முன்கூட்டியே அனுப்பிச் சேனலின் சர்வரில் ஓட்டிப் பார்க்கச் சொல்வது எல்லாவற்றையும் விட நல்லது.

6. கார்டுல இருந்து வீடியோ ஃபைலை மட்டும் இழுத்துப் போட்டா போதாதா?

போதாது. தொழில்முறை கேமரா கார்டில் ஃபோல்டர் அமைப்பும் பதிவின் ஒரு பகுதிதான். பானசோனிக் பி2 கார்டைத் திறந்தால் ‘கன்டென்ட்ஸ்’ ஃபோல்டருக்குள் ‘வீடியோ’, ‘ஆடியோ’, ‘க்ளிப்’ எனத் தனித்தனி ஃபோல்டர்கள் இருக்கும். ‘வீடியோ’வை மட்டும் எடுத்தால் படம் வரும், சத்தம் வராது. ‘க்ளிப்’பை விட்டால் எந்தப் படத்துக்கு எந்த ஒலி என்ற இணைப்பே போய்விடும். நீளமான ஷாட் சில கேமராக்களில் 4 ஜிபிக்கு ஒன்றாகத் துண்டாகும். அந்தத் துண்டுகளை மறுபடி ஒட்டுகிற தகவலும் அதே ஃபோல்டர்களில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியது இதுதான். கார்டின் எழுத்துத் தடைத் தாழை மூடுங்கள். கார்டு எண், தேதி, கேமரா எழுத்து போட்டு ஒரு ஃபோல்டர் திறந்து, கார்டு முழுவதையும் அப்படியே அதற்குள் இறக்குங்கள். இரண்டு வெவ்வேறு டிஸ்குக்கு ஒரே நேரத்தில் இறக்கும் சாஃப்ட்வேரில் செக்சம் சோதனையை (மூலமும் பிரதியும் உள்ளே ஒன்றேதானா என்று எண் போட்டு ஒப்பிடுவது) இயக்கி வையுங்கள். முடிந்ததும் முதல் க்ளிப், நடுவில் ஒன்று, கடைசி க்ளிப் மூன்றையும் ஹெட்போன் போட்டுக்கொண்டு ஓட்டிப் பாருங்கள். கடைசி க்ளிப்பை விட்டுவிடாதீர்கள், கார்டு நிரம்பியோ பேட்டரி தீர்ந்தோ பாதியில் நின்ற பதிவு அங்கேதான் இருக்கும்.

இதெல்லாம் முடிந்த கார்டுக்குப் பச்சை டேப், முடியாததற்குச் சிவப்பு டேப். பச்சை ஒட்டிய கார்டை மட்டும்தான் யூனிட்டுக்குத் திருப்ப வேண்டும். ஃபார்மேட் கேமராவில் நடக்கட்டும், கணினியில் வேண்டாம்.

7. செக்சம் போட்டா ரெண்டு மடங்கு நேரம் ஆகுது. சைஸ் ஒண்ணா இருந்தா போதாதா?

சைஸ் ஒன்றாகவே இருந்து உள்ளே கெட்டுப்போகலாம். சில முறைகளில் கணினி முழு அளவுக்கு இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு அப்புறம்தான் நிரப்பும். நடுவில் கார்டு ரீடர் கேபிள் ஆடினால் அளவு சரியாக இருக்கும், ஒரு பகுதி வெறும் பூஜ்ஜியமாக இருக்கும். எடிட்டில் அது பச்சைக் கட்டங்களாகத் தெரியும்போது கார்டு ஏற்கெனவே ஃபார்மேட் ஆகியிருக்கும்.

எம்.டி.5 என்ற செக்சம் முறை மெதுவாகப் பட்டால் எக்ஸ்.எக்ஸ்.ஹாஷ் முறையைப் பயன்படுத்துங்கள், கணினிக்குச் சுமை மிகக் குறைவு. அப்போதும் இறக்கியதை மறுபடி படித்து ஒப்பிடும் நேரம் ஆகத்தான் செய்யும். அதற்காக கார்டு எண்ணிக்கையைக் கூட்டுங்கள். இரண்டு செட் கார்டு வைத்த யூனிட் காத்திருக்காது.

8. ஃபைலுக்குத் தமிழ்ல பேர் வைக்கலாமா?

தமிழில் தேட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. ஆனால் ஃபைல் பெயரில் வேண்டாம். ‘கொடி’ என்ற சொல்லைப் பாருங்கள். ‘கொ’ என்பதை விண்டோஸில் அடித்தால் பெரும்பாலும் ‘க’, ‘ொ’ என இரண்டு குறி. மேக்கின் பழைய டிஸ்க் வடிவம் அதையே கொம்பு தனி, கால் தனியாக உடைத்து மூன்று குறியாக வைத்துக்கொள்ளும். திரையில் இரண்டும் ஒன்றே. சர்வருக்கு இரண்டும் வேறு வேறு பெயர். ஃபைல் கண் முன்னால் இருக்க, ‘மீடியா ஆஃப்லைன்’ என்று வரும்.

இடமும் ஒரு காரணம். பல லினக்ஸ் ஸ்டோரேஜ்களில் பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் என்பதால் 85 குறியோடு முடிந்துவிடும். ஆகவே பெயரில் ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு மட்டும்: நிகழ்ச்சிக்கு மூன்றெழுத்து, எபிசோடுக்கு நான்கு இலக்கம், தேதி ஆண்டு-மாதம்-நாள் வரிசையில், பதிப்புக்கு இரண்டு இலக்கம். ‘ஃபைனல்’, ‘நியூ’, ‘லாஸ்ட்’ போன்ற சொற்களுக்குப் பெயரில் இடமே கிடையாது, பதிப்பு எண் ஏறிக்கொண்டே போகட்டும்.

தமிழ்த் தலைப்பு, நடிகர் பெயர், காட்சிக் குறிப்பு எல்லாம் மெட்டாடேட்டாவில் (ஃபைலோடு சேர்ந்த விவரக் குறிப்பில்) தமிழிலேயே எழுதலாம், எழுதவும் வேண்டும். அது யூனிகோடாக இருக்கட்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த குறிப்பு கணினிக்கு வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். பழைய லைப்ரரிப் பட்டியல் அப்படி இருந்தால் ஏற்றும் முன்பே மாற்றி, பத்துப் பதிவுகளுக்கு ஒன்றைக் கண்ணால் படித்துச் சரிபாருங்கள்.

9. ப்ராக்ஸியில எடிட் பண்ணோம். கடைசியில ஒரிஜினலோட லிங்க் ஆகமாட்டேங்குது. ஏன்?

ப்ராக்ஸி என்பது எடிட்டுக்காக எடுத்த சிறிய அளவுப் பிரதி. சாஃப்ட்வேர் ப்ராக்ஸியையும் ஒரிஜினலையும் பெயர், டைம்கோடு, ஒலி ட்ராக் எண்ணிக்கை ஆகியவற்றை வைத்துத்தான் ஜோடி சேர்க்கிறது. ப்ராக்ஸி எடுத்தபின் ஒரிஜினல் பெயரை மாற்றினால் ஜோடி போச்சு. ஒரிஜினலில் எட்டு ட்ராக், ப்ராக்ஸியில் இரண்டு என்றாலும் பல சாஃப்ட்வேர்கள் மறுக்கும். பெயர் மாற்றுவது, ட்ராக் அமைப்பது எல்லாம் ப்ராக்ஸி எடுப்பதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும்.

லிங்க் ஆகாமல் நிற்பதை விட மோசமானது தவறான ஷாட்டோடு லிங்க் ஆவது. ஒவ்வொரு கார்டும் டைம்கோடை பூஜ்ஜியத்தில் தொடங்கி, க்ளிப் பெயரும் முதல் எண்ணிலிருந்து தொடங்கினால், திங்கட்கிழமை ஷாட்டும் செவ்வாய்க்கிழமை ஷாட்டும் சாஃப்ட்வேருக்கு ஒன்றுதான். கேமராவில் டைம்கோடை ‘ஃப்ரீ ரன்’ (பதிவு நின்றாலும் ஓடிக்கொண்டே இருப்பது) வைத்து அன்றைய கடிகார நேரத்தை ஏற்றுங்கள். க்ளிப் முன்னொட்டைக் கேமராவுக்குக் கேமரா மாற்றுங்கள்.

10. ரிப்போர்ட்டர் போன்ல எடுத்த வீடியோ டைம்லைன்ல போகப் போக உதடு ஒட்டமாட்டேங்குது.

போன்கள் பெரும்பாலும் 30 ஃப்ரேமில் பதியும். அதுவும் நிலையான 30 கிடையாது, வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தக்கபடி ஏறி இறங்கும். அதை அப்படியே 25 ஃப்ரேம் டைம்லைனில் போட்டால் சில சாஃப்ட்வேர்களில் ஒலி நகர்ந்துவிடும். உள்ளே வரும்போதே நிலையான 25 ஆக மாற்றி, மாற்றியதை மட்டும் எடிட்டுக்குக் கொடுங்கள்.

30ஐ 25 ஆக்கினால் ஆறு ஃப்ரேமில் ஒன்று போகும், கேமரா திரும்பும் ஷாட் வெட்டி வெட்டித் தெரியும். போனிலேயே 25 ஃப்ரேம் வைப்பதே சரியான வழி. ஐபோனில் கேமரா அமைப்புகளில் பால் (PAL) வடிவங்களைக் காட்டும் தேர்வை இயக்கினால் 25 கிடைக்கும். ஷட்டரை 1/50 வைத்தால் நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ட்யூப்லைட் துடிப்பதும் அடங்கும்.

11. எடிட் ரூம்ல சத்தம் நல்லா இருக்கு, சேனல் ‘லவுட்னஸ் ஃபெயில்’னு திருப்பி அனுப்புது.

பீக் மீட்டர் பார்ப்பது ஒரு கணத்தின் உச்சத்தை. லவுட்னஸ் பார்ப்பது முழு நிகழ்ச்சியின் சராசரியை. ஐரோப்பிய ஆர்128 பரிந்துரைப்படி சராசரி மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (லவுட்னஸின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபலுக்குள். உங்கள் சேனலின் எண் வேறாக இருக்கலாம், கேள்வி 5இல் சொன்ன வரையறையில் பாருங்கள். மைனஸ் 19 என்று வந்தால் மொத்தத்தையும் 4 டெசிபல் இறக்கினால் போதும். ஆனால் பின்னணி இசை வசனத்தை மூடியிருந்தால் இறக்கியபின் வசனம் இன்னும் கேட்காது. அப்போது மிக்ஸிங்கில்தான் சரிசெய்ய வேண்டும்.

12. ஆட்டோ க்யூசி ‘பாஸ்’னு சொல்லிடுச்சு. இன்னும் ஆள் உட்கார்ந்து பார்க்கணுமா?

பார்க்க வேண்டும். கறுப்பு ஃப்ரேம், உறைந்த படம், எல்லை மீறிய நிறம், லவுட்னஸ், விட்டுப்போன ட்ராக் ஆகியவற்றை மெஷின் மனிதனை விட நன்றாகப் பிடிக்கும். 412ஆம் எபிசோட் பெயரில் 411 இருந்தால் அதற்குத் தெரியாது. சப்டைட்டிலில் ‘கெ’யின் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்திருந்தாலும், ஒற்றைக் கொம்பு புள்ளி வட்டத்தோடு தனியாக நின்றாலும் அதற்குத் தெரியாது. கிராபிக்ஸ் மெஷின் தமிழைச் சரியாகக் கோக்காதபோது வரும் பிழை இது. வீட்டில் பார்க்கிற எல்லாருக்கும் முதலில் தெரிவதும் இதுதான்.

முழுதாகப் பார்க்க நேரமில்லை என்றால் தொடக்கம், ஒவ்வொரு இடைவேளையின் இரு பக்கமும் 30 நொடி, எழுத்து வரும் எல்லா இடமும், கடைசி இரண்டு நிமிடம் ஆகியவற்றையாவது பாருங்கள். இன்டர்லேஸ் காட்டும் மானிட்டரில் பாருங்கள். 1080ஐயில் மேல் ஃபீல்டு முதலில் வரும், பழைய பால் டி.வி. (DV, டிஜிட்டல் வீடியோ) டேப்பில் கீழ் ஃபீல்டு. இது மாறினால் ஓடுகிற ஆள் முன்னும் பின்னும் நடுங்குவார். கணினித் திரையில் அது தெரியாமலே போகலாம்.

13. ஃபைல் சர்வர்ல இருக்கு. ஆனா ப்ளேஅவுட்ல எடுத்தா பாதியில நிக்குது.

பெரும்பாலும் காப்பி முடியும் முன்பே ப்ளேஅவுட் அதை எடுத்திருக்கும். தற்காலிகப் பெயரில் காப்பி செய்து, முடிந்து செக்சமும் பார்த்தபின் சரியான பெயருக்கு மாற்றும்படி அமையுங்கள். ப்ளேஅவுட் சரியான பெயரை மட்டுமே தேடட்டும். அடுத்துப் பார்க்க வேண்டியவை ஷெட்யூலில் உள்ள எண்ணும் ஃபைல் எண்ணும் ஒன்றா என்பதும், தொடக்க டைம்கோடும். நிகழ்ச்சி 10:00:00:00இல் தொடங்கும் என்று ஷெட்யூல் நினைத்து, ஃபைல் 00:00:00:00இல் தொடங்கினால் முதல் காட்சியே வராது.

14. ரெய்டு இருக்கு, முடிஞ்ச ஹார்ட் டிஸ்க் அலமாரியிலயும் இருக்கு. இதுக்கு மேல எதுக்கு எல்.டி.ஓ.?

ரெய்டு 6 இரண்டு டிஸ்க் பழுதைத் தாங்கும். கை தவறி அழித்ததையோ ரான்சம்வேரையோ தீ விபத்தையோ தாங்காது. அலமாரி டிஸ்கை மூன்று வருடம் கழித்து மாட்டினால் சுழலும் என்று நம்பி ஒரு தொடரின் ஆயுளை ஒப்படைக்க முடியாது.

எல்.டி.ஓ-8 கேசட்டில் 12 டிபி, எல்.டி.ஓ-9இல் 18 டிபி. மேலே பெரிதாக அச்சடித்த 30, 45 என்பது சுருக்கிய கணக்கு. வீடியோ ஏற்கெனவே சுருங்கியது என்பதால் சின்ன எண்ணைத்தான் நம்ப வேண்டும். எல்.டி.எஃப்.எஸ். முறையில் எழுதினால் எந்த நிறுவனத்தின் டிரைவிலும் ஃபோல்டராகத் திறக்கும். இரண்டு கேசட், இரண்டு கட்டடம். 1 ஜிகாபிட் கேபிளில் இருந்து நேராக எழுதாதீர்கள். டிரைவின் வேகத்துக்குத் தகவல் வராவிட்டால் டேப் நின்று, பின்னோக்கிச் சுற்றி, மறுபடி தொடங்கித் தேயும். புது எல்.டி.ஓ-9 கேசட் முதன்முறை மாட்டும்போது தன்னைச் சரிசெய்துகொள்ள இரண்டு மணி நேரம் வரை எடுக்கலாம், பழுது என்று நினைத்துப் பிடுங்கிவிடாதீர்கள். எல்.டி.ஓ-8 டிரைவ் தன் தலைமுறையையும் அதற்கு முந்தைய 7ஐயும் மட்டுமே படிக்கும். அதனால் டிரைவ் மாற்றும் திட்டத்தோடு பழைய கேசட்டைப் புதியதற்கு மாற்றும் திட்டமும் சேர்ந்தே இருக்க வேண்டும்.

15. லைப்ரரியில இருக்கிற பழைய யூ-மேட்டிக், பீட்டாகேம் டேப்பை அப்புறம் பார்த்துக்கலாமா?

தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். யுனெஸ்கோவும் ஒலி-ஒளி ஆவணக் காப்பகங்களின் பன்னாட்டுச் சங்கமும் 2019இலேயே காந்த டேப் எச்சரிக்கை விடுத்தன. டேப் பிழைத்திருந்தாலும் அதை ஓட்டும் மெஷினும் ஹெட்டும் பழுது பார்க்கத் தெரிந்தவரும் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பதே அதன் சாரம். 500 மணி நேர டேப் என்றால் ஓட்ட மட்டும் 500 மணி நேரம். வேறு எங்கும் பிரதி இல்லாதவை முதலில், ஈரம் பட்டவை அடுத்து.

720க்கு 576, இன்டர்லேஸ், அப்படியே எடுங்கள். 10 பிட் 4:2:2 சுருக்காமல் எடுத்தால் மணிக்கு 93 ஜிபி. எஃப்.எஃப்.வி.1 போன்ற இழப்பில்லாச் சுருக்கத்தில் அதுவே குறையும். எச்.டி.க்குப் பெரிதாக்குவது, டீஇன்டர்லேஸ் செய்வது எல்லாம் பிரதியில் செய்யுங்கள். மூலத்தில் செய்தால் திரும்ப முடியாது.

16. ஸ்டோரேஜ் நிரம்பிடுச்சு. எதை, யார் டெலீட் பண்றது?

பெயர் குறிப்பிட்ட ஒரே ஒருவர், அவர் விடுப்பில் போனால் எழுத்தில் நியமித்த இன்னொருவர். எடிட்டர்களுக்கு மூலக் காட்சிகள் இருக்கும் ஃபோல்டரில் அழிக்கும் அனுமதியே இருக்கக் கூடாது. அழிக்கும் முன் நான்கு விஷயம் சரியாக இருக்க வேண்டும்: எபிசோட் ஒளிபரப்பாகிவிட்டது, இரண்டு எல்.டி.ஓ. பிரதியும் மறுபடி படித்து செக்சம் ஒத்துவந்தது, கேசட் எண் ஷீட்டில் ஏறியது, தயாரிப்புத் தரப்பு எழுத்தில் சரி சொன்னது.

நான்கும் இருந்தாலும் நேராக அழிக்க வேண்டாம். ‘காத்திருப்பு’ என்று ஒரு ஃபோல்டர் வைத்து அங்கே நகர்த்தி, அழியப்போகும் தேதியை எடிட் அறைக் கதவில் ஒட்டுங்கள். ஏழு நாள் யாரும் தேடி வரவில்லை என்றால் எட்டாம் நாள் காலை, கேசட்டிலிருந்து ஏதாவது ஒரு க்ளிப்பை மீட்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, நீக்கலாம்.